கால்நடை கேள்வி–பதில்: உதவியாளர்கள் செய்யும் வேலை

சென்ற இதழில் கோமாரித் தடுப்பூசி முகாம்களைப் பற்றி எழுதியபோது, மாட்டைப் பிடித்து நிறுத்தும் உதவியாளர்களைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைக் குறித்து வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுடைய வேலைக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் கலப்பினப் பசு மூன்றாம் ஈற்றுக் கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. மருந்தகத்துக்கு ஓடினோம். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அங்கிருந்த கால்நடை பராமரிப்பு உதவியாளர் நீண்ட கால அனுபவம் உள்ளவர். ஆனாலும் கால்சியம் பாட்டில் ஏற்ற மறுத்து, டாக்டருக்குப் போன் செய்துவிட்டு எங்களோடு வந்து மாட்டைப் பார்த்தார். தெரிந்த வேலையைச் செய்ய மறுப்பது நியாயமா?
– வாசகி, காங்கேயம்

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்த உதவியாளர் செய்ததுதான் சரி. உங்கள் பசுவுக்கு வந்தது பால் காய்ச்சலாக இருக்க வேண்டும். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் சூடு ஏறாது, குறையத்தான் செய்யும். கன்று ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குள், சீம்பாலுக்காக இரத்தத்திலிருந்து கால்சியம் திடீரென இறங்கிவிடுவதால், தசைகள் வலுவிழந்து, காதுகள் சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு மாடு படுத்துவிடும். நரம்பு வழியாகக் கால்சியம் செலுத்தினால் அரைமணி நேரத்தில் எழுந்து நிற்கும் மாடுகளும் உண்டு என்பதால், ஒரு பாட்டில் ஏற்றினால் போதும் என்ற எண்ணம் ஊர்களில் பரவியிருக்கிறது.

ஆனால் அதே மருந்து வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி மாடு அங்கேயே இறந்துவிடும். அதனால்தான் மருத்துவர் ஒரு கையால் பாட்டிலை உயர்த்தியும் தாழ்த்தியும் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபடியே மெதுவாக ஏற்றுகிறார். இன்னொரு காரணமும் இருக்கிறது. கடுமையான மடிநோயின் நஞ்சு இரத்தத்தில் கலந்த மாடும் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் படுத்துக் கிடக்கும். அந்த மாட்டின் இதயம் கால்சியத்தைத் தாங்காது. எது எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம். உரிய சான்றிதழ் பெற்ற உதவிப் பணியாளர்களுக்கு மாநில அரசு அனுமதி வழங்கினால், அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காளைகளுக்கு விதை நீக்கம், புண்ணுக்கு மருந்து கட்டுதல் போன்ற முதற்கட்ட உதவிகளைச் செய்யலாம்.

அவர் சும்மா நின்றிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, இரு பக்கமும் வைக்கோல் மூட்டைகளை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உப்பி, அசைபோட்ட தீவனம் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, மறுபக்கத் தொடையின் மேல் பாரம் இருக்கும்படி மாற்றாவிட்டால், கால்சியம் ஏறிய பிறகும் தொடைத் தசை நசுங்கிப்போய் எழ முடியாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் வழியாக எதையும் ஊற்றவிடாமல் வீட்டாரைத் தடுக்க வேண்டும். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும் நேரத்தில் கருப்பட்டித் தண்ணீரோ கஷாயமோ புகட்டினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். பால் காய்ச்சலிலிருந்து பிழைத்து, புகட்டிய கஷாயத்தால் நிமோனியா வந்து செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் வர நேரமாகும் என்று தெரிந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

கேள்வி: மாடு பருவத்துக்கு வரும்போதெல்லாம் சினை ஊசி போடுகிறோம். நான்கு முறை போட்டும் பிடிக்கவில்லை. ஊசி போடுபவரின் கைதான் சரியில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கை ஒரு காரணமாக இருக்கலாம். அதை மறுக்கமாட்டேன். உறைவிந்துக் குச்சி, −196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கிறது. அதை எடுக்கும்போது கொள்கலனின் கழுத்துக்கு மேலே சில நொடிகள் கூடுதலாக நிறுத்தினாலும், அந்தக் குச்சி மட்டுமன்றி அதனோடு மேலே வந்து திரும்ப உள்ளே போகும் மற்றக் குச்சிகளும் பாழாகும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, கருவூட்டல் துப்பாக்கியில் பொருத்தி, தாமதிக்காமல் பயன்படுத்த வேண்டும். துடைக்காமல் விட்ட ஒரு துளித் தண்ணீர் உயிரணுக்களைக் கொன்றுவிடும். கையை மலக்குடல் வழியே விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்து, துப்பாக்கியின் முனையை அதன் வளையங்களைக் கடத்தி, கருப்பையின் உடல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மெதுவாக அழுத்த வேண்டும். கண்ணால் எதையும் பார்க்காமல் விரல்களின் உணர்வால் மட்டுமே செய்யும் இந்த வேலையைச் சிலர் எத்தனை நேர்த்தியாகச் செய்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்த்தவர்கள், அதை ‘ஊசி போடுதல்’ என்று அலட்சியமாகச் சொல்லமாட்டார்கள். நைட்ரஜன் மட்டத்தை அளவுகோல் விட்டு அளந்து, குறைவதற்குள் நிரப்பிவைப்பதும் இவர்கள் பொறுப்பே.

ஆனாலும் என் அனுபவத்தில் தோல்விக்குக் கையைவிட நேரமே பெரிய காரணம். காலையில் பருவ அறிகுறி தெரிந்த மாட்டுக்கு அன்று மாலையும், மாலையில் தெரிந்த மாட்டுக்கு மறுநாள் காலையும் கருவூட்ட வேண்டும். முதல் நாள் காலையில் கத்திய மாட்டை, வேலையெல்லாம் முடித்து மறுநாள் உச்சிவெயிலில் நடத்திக் கூட்டிவருகிறார்கள். கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் தொங்கும் நேரமே ஏற்ற நேரம். அத்திரவத்தில் இரத்தக் கசிவு கண்டால் பருவம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது, இப்போது போட்டுப் பயனில்லை, இன்னும் ஏறக்குறைய இருபது நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பணியாளரை நம்புங்கள். மறுபேச்சில்லாமல் குச்சியைச் செலவழிப்பவரைவிட அவர் உங்கள் மாட்டைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

நான்கு முறையாகியும் நிற்காத உங்கள் மாட்டுக்கு ஐந்தாம் முறை கருவூட்டுவதற்குமுன், கருப்பையில் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: காதில் துளை போட்டு மஞ்சள் வில்லை மாட்டுவது எதற்கு? மாட்டின் அழகே போய்விடுகிறது.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அந்த வில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண், நாடு முழுவதிலும் உங்கள் மாடு ஒன்றுக்கு மட்டுமே உரியது. தடுப்பூசி, கருவூட்டல், சிகிச்சை, காப்பீடு ஆகியவை அந்த எண்ணில்தான் பதிவாகின்றன. காதின் நடுப்பகுதியில், தெரியும் இரத்தக் குழாய்களைத் தவிர்த்து, கிருமிநாசினி தடவி மாட்டினால் புண் தானாக ஆறிவிடும். சீழ் வைத்தாலோ ஈ மொய்த்தாலோ மருந்தகத்தில் காட்டி மருந்து போட்டுக்கொள்ளுங்கள். வில்லையை அறுத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் கால்நடை பராமரிப்பு உதவியாளர். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாத மாடுகளுக்குக் கையுறை இல்லாமலே கையை விட்டு எடுக்கிறார். சில மாதங்களாக மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் இடுப்பு வலியும் விட்டுவிட்டு வருகின்றன. டைபாய்டு என்று மாத்திரை சாப்பிட்டும் தீரவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த இதழ் கைக்கு வந்த அன்றே அவரைப் பொது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது, ‘நான் மாடுகளின் இளங்கொடியைக் கையால் எடுக்கும் வேலை செய்கிறேன், புருசெல்லோசிஸ் சோதனை செய்ய வேண்டும்’ என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். தொழில் என்னவென்று சொல்லாததால்தான் இந்த நோய் பல மாதங்கள் டைபாய்டு என்றும் காசநோய் என்றும் மூட்டுவாதம் என்றும் அலைக்கழிக்கப்படுகிறது. கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்லும் இதன் கிருமி, கடைசி மூன்று மாதச் சினையில் கன்றை வீசிய மாட்டின் கொடியிலும் நீரிலும் ஏராளமாக இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் போதும், கண்ணில் தெறித்த ஒரு துளி போதும், அது உடலுக்குள் நுழைந்துவிடும். இரத்தச் சோதனையில் உறுதியானால் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவரும்.

உங்கள் கணவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோள்வரை மறைக்கும் கையுறை விலை அதிகமில்லாத பொருள். அது ஒவ்வொரு மருந்தகத்திலும் எந்நாளும் இருப்பில் இருக்கவேண்டும் என்பதை உறுதிசெய்வது மேலிருப்பவர்களின் கடமை. கையுறை தீர்ந்துபோன நாளிலும், ‘என்ன, பயமா?’ என்று கேட்டு அவரைக் கையை விடவைக்கும் மாட்டுக்காரர்களும் இதில் பங்குள்ளவர்கள். கொடியைப் பலவந்தமாகப் பிய்த்து எடுப்பது கருப்பையின் உட்புறத்தைப் புண்ணாக்கும் என்பதால், அந்தப் பழக்கத்தையே கால்நடை மருத்துவம் இன்று ஊக்குவிப்பதில்லை. ஆகவே அவர் மறுத்தால் மாட்டுக்கும் நல்லது. பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதில் ஒரே ஒரு முறை போடப்படும் புருசெல்லோசிஸ் தடுப்பூசியும் உயிருள்ள கிருமியால் ஆனது. போடும்போது ஊசி தவறித் தன் கையில் குத்திக்கொண்டால் அதையும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

கடிதத்தில் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாடு எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். வெறிநோய் கண்ட மாட்டுக்கும் இதே அறிகுறிகள்தான். நாக்கை இழுத்துப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் உதவியாளருக்கே வருகிறது. எனவே இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடக்க நாள், ஏழாம் நாள், இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள் என மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுபோல, திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் கசியும் மாட்டை யார் சொன்னாலும் அறுக்கக்கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்போகிறோம். அறுப்பவர் டாக்டர். பிறகு உடன் இருக்கும் உதவியாளர்கள் செய்வது என்ன?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டாக்டரின் கண் கத்தியின் முனையில் இருக்கும்போது, உங்கள் நாயின் மூச்சின்மேல் கண் வைத்திருப்பவர் அந்த உதவியாளர். மயக்கத்தில் இருக்கும் நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று அவர் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைகிறது என்று உடனே குரல் கொடுப்பார். மயக்கத்தில் கண்கள் மூடாமல் இருக்கும் என்பதால் கருவிழி காயாமல் களிம்பு போடுவார். உடல் சூடு இறங்காதபடி போர்த்துவார். ஏசி அறையில், வயிற்று மயிர் மழிக்கப்பட்டு, ஈரமான கிருமிநாசினி பூசப்பட்ட சிறிய நாய் எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துபோகும் என்பது வெளியில் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது.

அறுவை முடிந்து தையல் போட்ட பிறகுதான் கவனம் அதிகம் தேவை. மூச்சுக்குழாயில் செருகிய குழாயை, நாய் தானாக விழுங்கத் தொடங்கும் தருணத்தில் எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். பிந்தினால் நாய் குழாயையே கடித்துவிடும். அந்த நேரத்தில் உதவியாளர் வேறு வேலைக்கு அழைக்கப்படாத மருத்துவமனையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள்?’ என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. உங்கள் பங்குக்கு, சொன்ன நேரத்துக்குப் பிறகு உணவு எதுவும் கொடுக்காதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று அரை பிஸ்கட் கொடுத்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கால்நடை மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. விலங்குகளோடு வேலை செய்ய வேறு வழி உண்டா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உண்டு. கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் என்ற பணிநிலைகள் இருக்கின்றன. அறிவிப்பு வரும்போது தகுதியும் வயது வரம்பும் மாறலாம் என்பதால், துறையின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஷ்டிரிய கோகுல் திட்டத்தின்கீழ், மைத்ரி என்ற பெயரில் ஊரக இளைஞர்களுக்கு மூன்று மாதக் கருவூட்டல் பயிற்சி அளிக்கிறார்கள். 2023-இல் வெளியான விலங்குகள் கருத்தடை விதிகளுக்குப் பிறகு, தெருநாய்களைத் துன்புறுத்தாமல் பிடிக்கவும் அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ளவும் பயிற்சி பெற்ற ஆட்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. செல்லப்பிராணி மருத்துவமனைகளிலும் நல்ல உதவியாளருக்குப் பஞ்சம்தான். ஆனால் சம்பளம் இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வேலையின் பெரும்பகுதி கழுவுவதும் துடைப்பதும் எழுதுவதும்தான். காலையில் மாட்டைக் கட்டும் ட்ரெவிஸைச் சுற்றியுள்ள சாணத்தை அள்ளி, கருவிகளைக் கொதிக்கவைத்து, தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கின்றனவா என்று குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, வரும் மாடுகளை வரிசைப்படுத்த வேண்டும். உறைந்துபோன கோமாரித் தடுப்பூசியை உருக்கிப் போட்டால் போட்டும் போடாததுதான். முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டியது விலங்கைப் படிப்பதை. காதைப் பின்னால் மடக்கிய குதிரை, வாலைச் சுழற்றும் பூனை, பின்னங்காலின் பாரத்தை மாற்றும் மாடு ஆகியவை அடுத்த நொடியில் என்ன செய்யும் என்பதை அறிந்தவரே மருத்துவரையும் தன்னையும் காப்பாற்றுவார். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு மிரண்டு ஓடினால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: மருந்தகத்தில் உதவிக்கு இருந்ததாகச் சொல்லும் ஒருவர், வீட்டுக்கே வந்து எல்லா நோய்க்கும் ஊசி போடுகிறார். மாடு சீக்கிரம் தேறிவிடுகிறது. அவரை அழைப்பதில் என்ன தவறு?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: அவர் போடுவது எந்த மருந்து என்று உங்களுக்குத் தெரியுமா? வலியும் காய்ச்சலும் உடனே தணிய வேண்டும் என்பதற்காக இப்படிப்பட்டவர்கள் போட்டுவந்த டைக்ளோஃபினாக் மருந்தை, கால்நடைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2006-இல் மத்திய அரசு தடைசெய்தது. அம்மருந்து ஏறிய நிலையில் இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக இறந்ததே காரணம். 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகிய வலி மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. ஆகவே மற்ற ஊர்க்காரர்களைவிட உங்களுக்கு இதில் பொறுப்பு அதிகம்.

இன்னொன்று, ஒரே ஊசியால் பல மாடுகளுக்குக் குத்தினால் இரத்த ஒட்டுண்ணி நோய்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். ஆண்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் விற்கக்கூடாது என்பதை அவர் ஒருமுறையாவது உங்களிடம் சொன்னதுண்டா? பயிற்சி பெற்று மருத்துவரின் மேற்பார்வையில் பணிபுரியும் உதவியாளர் என்றால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொடுப்பார், பால் நிறுத்த வேண்டிய நாட்களையும் சொல்வார்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் ஊரில் கோமாரி முகாம். ஊசி போட வருபவர்களுக்கு நாங்கள் எப்படி உதவலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்படி ஒரு கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. அதிகாலையிலேயே மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாமல், மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் சரியாக இருக்கும்படி நிழலில் கட்டிவையுங்கள். முட்டும் மாடு, உதைக்கும் மாடு எது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழகிய ஆள் ஒருவர் மாட்டின் தலைப்பக்கம் நிற்கட்டும். எட்டு மாதச் சினையில் இருப்பதையும், காய்ச்சலாக இருப்பதையும் மறைக்காதீர்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் குறைந்தால், அதற்காக ஆறு மாதம் கழித்து வரும் அடுத்த முகாமைப் புறக்கணித்துவிடாதீர்கள். குளிர்பெட்டியை வெயிலில் வைக்க விடாமல் திண்ணையில் இடம் கொடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பும் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வீடு கை கழுவிவிட்டுப் போனால்தான், ஒரு தொழுவத்தின் கிருமி அடுத்த தொழுவத்துக்குப் போகாமல் இருக்கும்.